இந்தச் சேனல் உங்கள் தொகுப்பில் இல்லை

ஜன்னலோரம் வேணுமாண்ணே? தாராளமா உக்காருங்க. சீட்டுக்கெல்லாம் மல்லுக்கு நிக்கிற ஆள் நான் இல்ல. இப்ப கண்டக்டர்கிட்ட சத்தம் போட்டேனே, அது வேற விஷயம். "பையைத் தூக்கி மேல வைய்யா"ங்குறான். அவன் வயசென்ன, என் வயசென்ன? வாயிலதான் கேட்டேன். கை வைக்கல. நீங்களே பாத்துட்டுத்தானே இருந்தீங்க?

கரூருக்கா போறீங்க? நான் திருப்பூர் வரைக்கும். நல்லதாப் போச்சு, ரெண்டு மணி நேரம் பேசிட்டே போகலாம். அஞ்சு மாசமா தமிழ்ல வாய் திறந்து பேச ஆள் இல்லாம கெடந்தேன்ணே. நாக்கே மரத்துப் போச்சு.

குவைத்துல இருந்து வர்றேன். வர்றேன்னா, அவங்களா பிளேன்ல ஏத்தி விட்டுட்டாங்க. அஞ்சு மாசம் உள்ள வச்சிருந்தாங்க. எதுக்குன்னு சொன்னா சிரிப்பீங்க. திருடல, குடிக்கல, பொம்பளை விஷயம் ஒண்ணும் இல்ல. டிவி. டிவியில ஒரு ப்ரோக்ராம் பாத்தேன், அதுக்கு ஜெயில்.

எம் பேரு அடைக்கலம். ஆலங்குடிப் பக்கம். பதினோரு வருசமா அங்கதான், சென்ட்ரிங் வேலை. கான்க்ரீட் போடுறதுக்குப் பலகை அடிக்கிறது, காஞ்சதும் பிரிக்கிறது. கடைசி ஆறு வருசம் ஃபோர்மேன். எனக்குக் கீழ இருபது பேரு. நான் நிக்கிற எடத்துல ஒரு பய பீடி பத்த வைக்க மாட்டான். மரியாதைன்னா அப்படி.

கேம்புல ரூமுக்கு எட்டுப் பேரு. கம்பெனியில ஒரு டிவி மாட்டிக் குடுத்திருந்தாங்க. அதுல வர்றது பூரா அரபி, மிச்சம் இந்தி. ஒட்டகப் பந்தயத்தை எத்தனை நாளைக்குப் பாக்குறது? வெள்ளிக்கிழமை லீவு. எட்டு ஆம்பளைங்க வரிசையா உக்காந்து, புரியாத பாஷையில செய்தி வாசிக்கிறவ மூஞ்சியையே பாத்துட்டு இருப்போம். எனக்கு மண்டை காஞ்சு போகும்.

நாலு வருசம் முந்தி லீவுல வந்தேன், அப்ப வீட்ல டிவிக்கு மாட்டியிருந்த டிஜிட்டல் பொட்டியைக் கழட்டி எடுத்துக்கிட்டேன். எம் பொண்டாட்டி மேகலா கேட்டா, "அப்ப நாங்க எதுலங்க பாக்குறது?"ன்னு. நீங்க பாத்துக் கிழிச்சது போதும்னேன். அத்தோட பேச்சு முடிஞ்சுது. லுங்கியில சுத்தி, ஊறுகா பாட்டிலுக்கும் கருவாட்டுக்கும் நடுவுல வச்சுக் கொண்டு போனேன். ஏர்போர்ட்டுல பிரிச்சுப் பாத்த ஆளு மூக்கைப் பொத்திட்டு, போ போன்னுட்டான்.

பொட்டி மட்டும் இருந்தா ஆச்சா? நம்மூரு சாட்டிலைட்டு அங்க லேசுல சிக்காது. இங்க வீட்டுக்கு வீடு மாட்டியிருக்காங்களே சின்ன டிஷ்ஷு, அது அங்க செல்லாது. ஆளுயர டிஷ்ஷு வேணும். சாஜன்னு ஒரு மலையாளி, கேம்பு கேம்பா போயி இதே வேலையா செய்யுறவன். ஒல்லிக்குச்சி. அவன் மொட்டை மாடியில நின்னு டிஷ்ஷைத் திருகுவான், நாங்க கீழ டிவி முன்னாடி நிப்போம். "வந்தோ?"ன்னு மேல இருந்து கத்துவான். "வரலடா"ன்னு நாங்க கத்துவோம். ஒரு நூல் தள்ளிப் போனாலும் படம் வராதாம். இப்படியே மூணு வெள்ளிக்கிழமை போச்சு. நாலாவது வெள்ளிக்கிழமை நானே மாடி ஏறிப் போயி பிடறியில ஒண்ணு வச்சேன். கையில இருந்த ஸ்பேனர் தெறிச்சுத் தெருவுல போயி விழுந்துச்சு. அழுதுக்கிட்டே திருகினான். உடனே கீழ இருந்து கூச்சல், "வந்துருச்சு, வந்துருச்சு"ன்னு.

பாத்தீங்களா? மூணு வாரமா வராத படம். தட்டுனாத்தான் வரும்ணே. பொட்டியா இருந்தாலும் சரி, ஆளா இருந்தாலும் சரி. எங்கப்பா என்னைத் தட்டித்தான் ஆளாக்குனாரு. இந்தா, புருவத்துல தழும்பு தெரியுதா? உழவு மாடு கட்டுற முளைக்குச்சி. அவர் மட்டும் அன்னைக்கு விட்டிருந்தா நான் இந்நேரம் உருப்படாமப் போயிருப்பேன்.

படம் வந்த அன்னைக்கு ரூமே தீபாவளியாட்டம் இருந்துச்சு. வேதமுத்துன்னு ஒருத்தரு, நாசரேத்துக்காரரு, என்னைவிட மூத்தவரு, ரூம்ல சமையல் அவர் கைதான். அவர் அன்னைக்குப் பாயாசம் வச்சாரு. தமிழ்ல விளம்பரம் ஓடுது, தேங்காயெண்ணெய் விளம்பரம், அதைப் பாத்துட்டு மனுசன் கண்ணைத் தொடைக்கிறாரு. "அடைக்கலம், நீரு பெரிய காரியம் பண்ணிட்டீருவே"ன்னாரு. 

ரிமோட்டு எங்கிட்டத்தான் இருக்கும். இடுப்புல சொருகிக்குவேன். ஒருநாள் நான் குளிக்கப் போன நேரம், தர்மபுரிப் பய ஒருத்தன் பொட்டியில இருக்குற பட்டனை அமுக்கி கிரிக்கெட்டு மாத்திட்டான். ஈரத் துண்டோட வந்தேன். கதவு இடுக்குல அவன் விரலை வச்சு ஒரு தள்ளு தள்ளுனேன், அவ்வளவுதான். ரெண்டு நகம் போச்சு. நகம்தானே, முளைச்சுரும். அதுக்கப்புறம் எந்தச் சேனல் வைக்கிறதுன்னு எங்க ரூம்ல ஒரு சண்டை வந்ததில்ல. மத்த ரூம்ல எல்லாம் கட்சிச் சண்டை, சீரியல் சண்டைன்னு நாறிட்டிருக்கும்.

இதுல ஒரு விஷயம் இருக்குண்ணே. பொட்டி குவைத்துல இருந்தாலும் கணக்கு ஊர்லதான் இருக்கும். மேகலா பேருல எடுத்த கனெக்சன். அவ ஆதாரு, அவ போன் நம்பரு. மாசம் பொறந்தா அவ ஊர்ல இருந்து ரீசார்ஜ் பண்ணனும், அப்பத்தான் அங்க படம் வரும். எந்தெந்தச் சேனல் வேணும்னு நான் போன்ல சொல்லுவேன், அவ போட்டு விடுவா. நாலு வருசத்துல ஒரு மாசம் தவறல. ஒரு தடவைகூட நான் நினைவுபடுத்துனதில்ல. மத்தவன் பொண்டாட்டி எல்லாம் மறந்துருவாளுக. நான் பழக்கி வச்சிருக்குறது அப்படி.

பாசமும் உண்டு. நாலு வருசத்துல ரெண்டு வாட்டி எனக்கு லீவு வந்துச்சு. ரெண்டு வாட்டியும் அவதான் தடுத்தா. ஜோசியர்கிட்ட ஜாதகத்தைக் காட்டினாளாம். "இந்த வருசம் கடல் தாண்டினா உசுருக்குக் கண்டம்னு சொல்றாருங்க, வந்துராதீங்க"ன்னு போன்ல அழுகை. புருசன் உசுரு மேல அவ்வளவு பயம். நான் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லுவேன். வேதமுத்து மட்டும் தலை நிமிராம வெங்காயம் உரிச்சிட்டே இருப்பாரு.

எம் மக பேரு கோபிகா. பதிமூணு வயசு. நான் வெள்ளிக்கிழமை போன் போட்டா டியூஷன் போயிருக்கும். எப்பப் போட்டாலும் டியூஷன். படிக்கிற புள்ள, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நானும் விட்டுட்டேன்.

இப்ப ஆறு மாசம் முந்தி ஒருநாள் வேலை முடிஞ்சு வந்து கால் கழுவிட்டு இருக்கேன். வேதமுத்து போனைத் தூக்கிட்டு ஓடி வர்றாரு. "வே அடைக்கலம், இது உம்ம மவளா பாரும்! அப்படியே உம்ம மூக்கு!"

பாத்தா, போன்ல ஒரு வீடியோ: டிவியில சின்னப் புள்ளைங்க பாடுற போட்டி. குட்டிக்குயில் மேடைன்னு பேரு. அதுக்கு விளம்பரம். வரிசையா பத்துப் பதினஞ்சு புள்ளைங்க வந்து போகுதுங்க, அதுல ஒரு நொடி, நீலப் பாவாடை, எம் மக. கீழ பேரு ஓடுது: மே. கோபிகா.

எம் பேரு அடைக்கலம். அ. கோபிகான்னுதானே வரணும்? மே எங்க இருந்து வந்துச்சு? மே மாசம் எடுத்த படமா இருக்கும்னு நெனைச்சுக்கிட்டேன். சிரிக்கிறீங்க. டிவிக்காரங்க தேதி போட மாட்டாங்களா என்ன?

உடனே மேகலாவுக்குப் போட்டேன். "பாப்பா டிவியில பாடுதாமே?"ன்னேன். கதவைச் சாத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "அது வேற யாரோ புள்ளைங்க. நம்ம பாப்பாவுக்கு எங்க பாட வருது?"ன்னா. அதுவும் நியாயம்தான். எம் மக பாடி நான் கேட்டதே இல்ல. ஆனா மூக்கு என் மூக்குண்ணே. என் மூக்கை எனக்குத் தெரியாதா? சரி, புருசனுக்கு ஒரு ஆச்சரியம் குடுக்கலாம்னு மறைக்கிறா போலன்னு விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு இங்க போடுறாங்க. அங்க அப்ப நாலரை. அங்க ஞாயிறு வேலை நாளு. நான் வயித்து வலின்னு சொல்லிட்டு ரூம்ல உக்காந்துட்டேன், வேதமுத்துவையும் மத்தவங்களையும் அதே மாதிரி உக்கார வச்சுட்டேன். எட்டுப் பேருக்கும் ஒரே நாள்ல வயித்து வலி. தலைக்கு எண்ணெய் வச்சு, சலவைச் சட்டை போட்டு உக்காந்தேன்ணே. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி.

சேனலைப் போட்டா, கருப்பா ஒரு திரை. அதுல வெள்ளை எழுத்து: இந்தச் சேனல் உங்கள் தொகுப்பில் இல்லை.

மத்த சேனல் எல்லாம் வருது. சமையல் வருது, சாமி வருது, நேயர் விருப்பம் வருது. இது ஒண்ணு மட்டும் இல்லை. ரிமோட்டை அமுக்குறேன், அமுக்குறேன், இல்லைங்குது. நாலரை நாலே முக்கால் ஆயிருச்சு.  சாஜனைக் கூப்பிட்டேன். எங்கயோ வேலையில இருந்தவன் ஓடி வந்தான். மாடிக்கு இழுத்துட்டுப் போனேன். ஜூலை மாச வெயிலு, டிஷ்ஷைத் தொட்டா தோல் உரியும். திருகுடான்னேன்.

"சேட்டா, இது டிஷ் இல்லா. டிஷ் போனா எல்லாச் சேனலும் போகும். ஒண்ணு மட்டும் போனா அது சேனல் பேக்கேஜ். வீட்டுல இருந்து எடுத்துட்டாங்க"ன்னான்.

எம் பொண்டாட்டி எங்கிட்டக் கேக்காம ஒரு கிலோ உப்பு வாங்க மாட்டா. அவளாவது சேனலை எடுக்குறதாவது! எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு பாருங்க. குடும்பப் பொம்பளையை எவனோ ஒருத்தன் தப்பாப் பேசினா நீங்க சும்மா இருப்பீங்களா? அவன் ரெண்டு கையையும் புடிச்சு டிஷ்ஷு மேல வச்சு அமுக்குனேன். திருகு, திருகுன்னு. கத்துனான். உள்ளங்கை ரெண்டும் வெந்து போச்சு. படம் வரல. அஞ்சரைக்கு ப்ரோக்ராமும் முடிஞ்சு போச்சு. அவன் மேல எனக்கு இப்ப ஒரு வருத்தமும் இல்ல. வேலை தெரியாத பய, என்ன செய்ய?

மறுநாள் கஸ்டமர் கேருக்குப் போட்டேன். அந்தப் பொண்ணு நல்ல மரியாதையாத்தான் பேசுச்சு. "சார், போன வாரம் உங்க இணைப்புல இருந்து இந்தச் சேனலை நீக்கச் சொல்லிக் கோரிக்கை வந்திருக்கு. திரும்பச் சேக்கணும்னா பதிவு பண்ணின நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க"ன்னுச்சு. பதிவு பண்ணின நம்பரு மேகலா நம்பரு! பொட்டி என் கையில, டிவி என் ரூம்ல, ஓடிபி அவ கையில. இந்த அநியாயத்தை எங்க போயிச் சொல்றது?

மேகலாவுக்குப் போட்டேன். "ஓடிபி வந்துச்சா?" "வரலீங்க." மறுபடியும் அனுப்பச் சொன்னேன். "வந்துச்சா?" "இல்லீங்களே." ஏழு தடவை அனுப்பச் சொன்னேன்ணே. ஏழு தடவையும் வரலங்குறா. நம்ம ஊர்ல டவர் அந்த லட்சணத்துல இருக்கு.

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? அவ பொய் சொல்ல மாட்டா. பொய் சொன்னா என்ன நடக்கும்னு அவளுக்குத் தெரியும்.

போன்ல பாக்கலாம்னான் ஒருத்தன், உள்ளங்கை அகலத்துலயா எம் மகளைப் பாக்குறது? அடுத்த ஞாயித்துக்கிழமையும் கருப்புத் திரை. அன்னைக்கு டிவி கண்ணாடியில குத்திட்டேன், ஒரு கோடு விழுந்துருச்சு. மூணாவது ஞாயித்துக்கிழமை நான் ஏமாறத் தயாரா இல்ல. ரெண்டு ரூம் தள்ளி சேலத்துக்காரங்க மூணு பேரு, அவங்களும் ஊர்ல இருந்து பொட்டி கொண்டாந்து வச்சிருந்தாங்க. நல்லவிதமாத்தான் கேட்டேன். "ஒரு மணி நேரம் பாத்துட்டுத் தர்றேன்"னு. "இங்கயே உக்காந்து பாருங்க அண்ணே"ன்னான் ஒருத்தன். எம் மக பாடுறதை எவன் ரூம்லயோ தரையில உக்காந்து பாக்கணுமா நான்? ஒயரோட புடுங்கினேன். குறுக்க வந்தவன் மணிக்கட்டு பிசகிருச்சு. இன்னொருத்தன் கதவுல போயி மோதிக்கிட்டான். மூணாவது பய புத்திசாலி, ஒதுங்கி நின்னான்.

பொட்டியை எங்க டிவியில மாட்டினோம். நாலரைக்கு வந்துச்சுண்ணே, எம் மக வந்துச்சு.

எப்படிச் சொல்றது? நீலப் பாவாடை, ரெட்டைச் சடை, அதுல கனகாம்பரம். மைக்கைப் புடிச்சா. பாடினா. வேதமுத்து கை கழுவாம சோத்துத் தட்டோட அப்படியே நின்னுட்டாரு. எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது. ஆனா முதுகுல சில்லுன்னு ஏறுச்சு. எம் புள்ளையா இது? எங்க கத்துக்கிட்டா? யாரு சொல்லிக் குடுத்தா? கண்ணை மூடிக்கிட்டுக் கையை இப்படி, இப்படி ஆட்டிக்கிட்டுப் பாடுறா. அவ அப்படிக் கையை வீசி நான் பாத்ததே இல்லண்ணே. நான் வீட்டுக்குள்ள வந்தா அவ செவுரோரமாத்தான் நடப்பா.

நான் லீவுல வந்தா எங்க வீட்ல சத்தமே இருக்காது. செருப்புச் சத்தம் கேட்டதும் எல்லாம் நின்னுரும், மிக்ஸி உள்பட. அக்கம்பக்கத்துல எல்லாம் சொல்லுவாங்க, அடைக்கலம் வீடு கோயில் மாதிரின்னு. அந்தக் கடைசி லீவுலதான் ஒருநாள் சைட்டு வேலை விஷயமா குவைத்துக்குப் பேசிட்டிருக்கேன், இவ வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டே எதையோ முணுமுணுன்னு பாடிட்டு இருந்தா. கையில கெடச்ச சொம்பை எறிஞ்சேன். பக்கத்துலதான் எறிஞ்சேன். அவ தலையைத் திருப்பித் தொலைச்சுட்டா. காதோரம் நாலு தையல். மேகலா குறுக்க விழுந்து தடுக்கப் போயி, அவ கை ஒடைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் பாப்பா முணுமுணுக்கல. நல்ல புள்ள, ஒரு தடவை சொன்னாப் புரிஞ்சுக்கும்.

சரி, பாட்டு முடிஞ்சுது. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுறாங்க. கீழ பேரு ஓடுது: மே. கோபிகா, திருப்பூர். என்னடா திருப்பூர்? நாம ஆலங்குடியில்ல? ரூம்ல எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. டிவிக்காரன் தப்பா அடிச்சிருப்பான்னு சொன்னேன்.

நிகழ்ச்சி நடத்துற பொண்ணு கேக்குது, "கூட யாரும்மா வந்திருக்காங்க?"

"அம்மா."

கேமரா அம்மா பக்கம் திரும்புது. மேகலாதான். நெத்தியில பொட்டு இல்ல, கழுத்துல தாலி இல்ல. ஒரு சாதாச் சேலை. டிவியில மேக்கப் போடுறவங்க அதையெல்லாம் கழட்டச் சொல்லிருவாங்களாம், லைட்டு வெளிச்சம் பட்டுக் கண்ணு கூசுமாம். நான் கேள்விப்பட்டிருக்கேன்.

"அப்பா வரலையா?"ன்னு கேக்குது அந்தப் பொண்ணு.

எம் மக மைக்கை வாய்க்கிட்டக் கொண்டு போயி, சிரிச்ச முகத்தோட, பளிச்சுன்னு சொல்றா: "அப்பா இல்ல."

அரங்கமே உச்சுக் கொட்டுது. நடுவர் ஒரு அம்மா, கண்ணுல தண்ணியோட மேடைக்கு ஏறி வந்து அவளைக் கட்டிப் புடிக்கிறாங்க. "எத்தனை வருசம் ஆச்சுடா கண்ணு?"

"நாலு வருசம் ஆச்சு."

இப்ப நீங்களே சொல்லுங்கண்ணே, நீங்க படிச்சவரு மாதிரி தெரியுறீங்க. நான் கடைசியா ஊர்ல இருந்து கெளம்பி நாலு வருசம். கணக்கு சரியா இருக்குல்ல? அப்பா ஊர்ல இல்ல, நாலு வருசம் ஆச்சு. இதைத்தான் சொல்ல வந்திருக்கா. சின்னப் புள்ள, கூட்டத்தைப் பாத்த பதட்டத்துல "ஊர்ல"ங்குறதை முழுங்கிட்டா. அதைப் புடிச்சுக்கிட்டு அவனுக ஒப்பாரி வச்சுட்டானுக. டிவிக்காரனுக்கு அழுகைன்னா அல்வா மாதிரி. நான் இதைத்தான் ரூம்ல சொன்னேன்.  தர்மபுரிப் பய சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டான்.

வேதமுத்து மட்டும் தட்டைக் கீழ வச்சுட்டு எங்கிட்ட வந்தாரு. தோள்ல கை போட்டாரு. "அடைக்கலம், புள்ளை சிரிச்சுக்கிட்டுல்லவே சொல்லுது. இதுக்கு முன்னாடி அது சிரிச்சு நீரு பாத்திருக்கீரா?"ன்னாரு.

அவ்வளவுதான் கேட்டாரு. கெட்ட வார்த்தை ஒண்ணும் சொல்லல.

எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. அந்தச் சேலத்துக்காரன் பொட்டி கையில வந்துச்சு. ஒயரோட வந்துச்சு. எத்தனை தடவைன்னு எனக்குத் தெரியாது. கோர்ட்டுல ஒம்பதுன்னாங்க. பொட்டியோட முனை அவர் கண்ணுல பட்டுருச்சு. தர்மபுரிப் பயலும் மத்தவங்களும் என் மேல ஏறி உக்காந்தாங்க, நாலு வருசமா எங்க வச்சிருந்தானுகளோ, அத்தனை அடி. சாஜன் கட்டுப் போட்ட கையோட வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தான்.

வேதமுத்துக்கு இடது கண்ணு போயிருச்சு. அது ஒண்ணுதான்ணே மனசை அறுக்குது. எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வச்சு ஊட்டுன மனுசன். கோர்ட்டுல வந்து நின்னு, "அவனை ஊருக்கு மட்டும் அனுப்பிராதீங்க"ன்னு சொன்னாராம். அவ்வளவு நடந்தும் எம் பொழப்பு கெட்டுறக் கூடாதுன்னு நெனைச்சிருக்காரு பாருங்க! தங்கமான ஆளு.

அப்புறம் என்ன, அஞ்சு மாசம் உள்ள. அனுப்பி விட்டாங்க. முந்தாநாள் ஊருக்கு வந்தா வீடு பூட்டிக் கெடக்குது. பூட்டு துருப்புடிச்சுப் போயிருக்கு. மூணு வருசத்துக்கு மேல ஆள் இல்லையாம். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பாத்ததும் செம்பைக் கீழ போட்டுட்டு, "ஐயய்யோ, நீ செத்துட்டேன்னுல்ல"ன்னு அலறிட்டு உள்ள ஓடுறா. மேகலா தாலியைக் கழட்டி உண்டியல்ல போட்டுட்டு, புள்ளையைக் கூட்டிட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாளாம். டிவி பாத்துட்டு ஊரே நம்பியிருக்கு. ஒரு வார்த்தை முழுங்குனதுக்கு எவ்வளவு பெரிய குழப்பம் பாருங்க.

நேரா மச்சினன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி எங்கன்னு கேட்டேன். தெரியாதுங்குறான். சட்டையைத்தான் புடிச்சேன். அவன் பல்லு பட்டு என் கை கிழிஞ்சுருச்சு, இதோ கட்டுப் போட்டிருக்கேன்ல. ரெண்டு பல்லு கொட்டுனதுக்கு அப்புறம்தான் அவளோட புது போன் நம்பர் சொன்னான். அட்ரஸ் அவனுக்கே தெரியாதாம். அம்மா மேல சத்தியம் பண்ணினான். நம்பிட்டேன்.

என்ன பண்ணப் போறேன்னா? என்ன கேள்வி இது? பாப்பாவைக் கூட்டிட்டுப் போகப் போறேன். ஊர் நடுவுல நிக்க வச்சு, "எங்கப்பா ஊர்ல இல்ல"ன்னு முழுசாச் சொல்ல வைக்கப் போறேன். சொல்லிட்டாப் போதும், எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. அப்புறம் என் முன்னால உக்காந்து அந்தப் பாட்டைப் பாடணும். எல்லாரும் கேட்டிருக்காங்க, பெத்தவன் நான் நேர்ல கேக்க வேணாமா? பாட மாட்டேன்னா விட்டுருவேனா? பாட வச்சுருவேன்.

அண்ணே, உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன். என் போனு அங்கயே போச்சு. ஒரே ஒரு நிமிசம். ஏன் தயங்குறீங்க? குடுங்க. அட, குடுங்கண்ணே. இப்படிக் குடுக்குறதுக்கு என்ன? நம்பரு இந்தச் சீட்டுல இருக்கு. மணி போகுது. ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் கேளுங்க. எங்கிட்ட எவ்வளவு பணிவாப் பேசுவான்னு பாருங்க.

ஹலோ. யாரு, மேகலாவா? நான்தாண்டி. குரல் தெரியலையா? நான்தான். ஆமா, வந்துட்டேன். பஸ்ஸுல இருக்கேன். அட்ரஸைச் சொல்லு.

என்னது? சத்தமாச் சொல்லுடி.

மகளிர் போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்காளாம்ணே. அட்ரஸ் வேணும்னா அங்க வந்து கேளுங்கங்குறா. நீங்க கேட்டீங்கல்ல? அவதானா பேசுறது? குரல் நடுங்கவே இல்லையே.

ஏய், பாப்பாகிட்டக் குடு போனை. இருங்கண்ணே, பின்னால பாட்டுச் சத்தம் கேக்குதா? அவதான். அதே குரலு. பாடிட்டிருக்கா. ஏய் மேகலா, நான் லைன்ல இருக்கேன்னு அவகிட்டச் சொல்லுடி. சொல்லிட்டியா? சொல்லிட்டாளாம். போனை அவ பக்கத்துலயே வச்சிருக்காளாம், பேசுங்கங்குறா.

பாப்பா! ஏய் கோபிகா! அப்பாதாண்டி பேசுறேன்! கோபிகா!

யோவ் கண்டக்டர், அங்க நின்னுட்டே பேசுய்யா, கிட்ட வராத! டிரைவரை வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லு, ஒரே இரைச்சலா இருக்கு!

கோபிகா! அப்பாதாண்டி!

பாடிட்டே இருக்காண்ணே.

இந்த பஸ் இரைச்சல்ல அவளுக்குக் கேக்கல. கேட்டிருந்தா நிறுத்தியிருப்பா.